ஹார்லன் வைக்குக்கு வசனம் இல்லை

லியோனா பிரைஸ் கெட்டவள் என்று நியூயார்க் நாடகக்காரர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். ஹார்லன் வைக்குக்கு அவள் செய்தது போதாது என்று மீதிப் பேர் சொல்வார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் எனக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. இடம் வரும்போது அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் வின்னி டூலன். நடிகைகளுக்கு உடை மாட்டிவிடுவது என் வேலை. கொக்கி போடுவேன், வியர்வை துடைப்பேன், தையல் விட்டால் மேடை ஓரத்தில் நின்றபடியே இரண்டு தையல் போட்டு மறுபடி உள்ளே தள்ளிவிடுவேன். 1948 இலையுதிர் காலத்தில் நாற்பத்தைந்தாவது தெருவில் ஒரு புது நாடகத்துக்கு என்னை எடுத்தார்கள். அங்கேதான் லியோனாவை முதன்முதலில் பார்த்தேன்.

அவளுடைய சொந்தப் பெயர் லியோனா புரூசாக். மில்வாக்கியில் பிறந்த போலந்துக் குடும்பத்துப் பெண். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஆலையில் வேலை. அவர் சட்டையிலிருந்து வரும் நாற்றத்தால் பள்ளிக்கூடத்தில் தன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்று சொல்வாள். சர்ச் மண்டபத்தில் ஈஸ்டருக்கு நாடகம் போட்டபோது மேடையில் ஏறினாள். அங்கே அந்த நாற்றம் யாரையும் எட்டவில்லை. அதுபோதும் என்று இருபது வயதில் பஸ் ஏறி நியூயார்க் வந்துவிட்டாள். ஐந்து வருடம் ஓட்டலில் தட்டு எடுத்துக்கொண்டே கூட்டத்தில் நிற்கிற வேஷம், கதவைத் திறந்துவிடுகிற வேஷம் என்று போட்டாள். பிறகுதான் இந்தப் பெரிய வேஷம் வந்தது.

"புரூசாக்குன்னு போர்டுல போட்டா எவன் டிக்கெட் வாங்குவான்?" என்று தயாரிப்பாளர் பெயரை பிரைஸ் ஆக்கினார். அவள் மறுக்கவில்லை.

ஒரு பண்ணை வீட்டில் நடக்கிற கதை. கணவன் ஹார்லன் வைக், மனைவி லியோனா. இரண்டாம் அங்கத்தின் கடைசியில் கணவன் அவளை ஓங்கி அறைய வேண்டும். உடனே திரை விழும். மேடையில் அறைகிறதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. அடிக்கிறவர் கை முகத்துக்கு முன்னால் காற்றில் போகும். வாங்குகிறவர் தலையை வெட்டித் திருப்பி, பார்வையாளர் கண்ணில் படாமல் தன் கையையே தட்டிச் சத்தம் எழுப்புவார். ஒத்திகையில் மூன்று வாரம் அப்படித்தான் செய்தார்கள்.

முதல் நாள் ஹார்லன் நிஜமாகவே அறைந்தான். இடது கன்னத்தில் விழுந்த அறை கடைசி வரிசை வரை கேட்டது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பத்திரிகைகள் அந்த ஒரு நொடியைப் பற்றியே எழுதின.

திரை விழுந்ததும் லியோனா அவனிடம் மெதுவாகத்தான் சொன்னாள். "சார், கை பட்டுடுச்சு."

"பட்டுச்சா? அருமையா இருந்துச்சே கண்ணு. நாளைக்கும் இதே மாதிரி அழு."

ஹார்லனின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல் தரையில் பீப்பாயை உருட்டுகிற மாதிரி கனமான குரல். ஒரு காபி கேட்டால்கூட நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்கு முப்பத்தெட்டு வயது, நல்ல உயரம். அந்தக் குரலுக்காகவே ஜனம் வந்தது. அதனால் அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

லியோனா மேடை நிர்வாகி மோர்ட் கெஸ்லரிடம் போனாள். அவர் சாண்ட்விச்சை மென்றுகொண்டே, "ஏம்மா, ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டியிருக்கு. ஒரு அறைதானேம்மா? என் பொண்டாட்டிகிட்ட நான் தெனமும் வாங்குறேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாரத்துக்கு எட்டுக் காட்சி. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அறை. இடைவேளையில் நான்கு விரல் தடத்தின் மேல் பவுடர் அப்புவது என் வேலையாயிற்று. ஜனவரியில் ஒரு புதன்கிழமை மத்தியானக் காட்சி. உள்ளே வந்தவளை நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன். காலரில் ஒரு நூல் அளவு ரத்தம் வழிந்திருந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு மூன்றாம் அங்கத்தை முடித்தாள். ஒன்பதாவது அவென்யூ டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஜவ்வு கிழிந்துவிட்டது, இன்னொரு அடி விழுந்தால் அந்தக் காதை மறந்துவிடு என்றார்.

நேரே ஹார்லனிடம் வந்து அதைச் சொன்னாள். நான் கூட இருந்தேன்.

"பாவம்" என்றான் அவன். "ஆனா அடிக்கலைன்னா அந்த சீன் செத்துப்போயிடும். நீயே யோசிச்சுப் பாரு."

அன்று மாலைக் காட்சியிலும் அடித்தான்.

அவள் நடிகர் சங்கத்துக்குப் புகார் எழுதினாள். சங்கத்தில் மூன்று பேர் கொண்ட குழு விசாரித்தது. நேரில் பார்த்த சாட்சி என்று என் பெயரைக் கொடுத்திருந்தாள். விசாரணைக்கு முதல் நாள் தயாரிப்பாளரின் ஆள் என்னைத் தேடி வந்தான். இந்தத் தெருவில் எத்தனை அரங்கு இருக்கிறது தெரியுமா, அத்தனை கதவும் உனக்கு மூடிவிடும் என்று சிரித்த முகத்தோடு சொன்னான். மறுநாள் குழுவின் முன்னால் நின்றேன்.

"ஹார்லன் வைக் நெஜமாவே அடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

"நான் அப்ப துணிப்பெட்டியப் பாத்துக்கிட்டிருந்தேன் சார். கவனிக்கலை."

லியோனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. அளவெடுக்கிற பார்வை. புகார் தள்ளுபடி ஆயிற்று. அதற்குப் பிறகும் நாடகம் மூன்று மாதம் ஓடியது. அறையும் விழுந்தது. ஏப்ரலில் இடது காதில் சுத்தமாக எதுவும் கேட்கவில்லை.

அந்த வருடத்துச் சிறந்த நடிகர் பரிசு ஹார்லனுக்குப் போயிற்று. பேட்டி எடுக்க வந்தவரிடம் அவன் சொன்னது அப்படியே அச்சாயிற்று. "அந்தப் பொண்ணுக்கு நடிப்பே வராது. என் கைதான் அவளை நடிக்க வச்சுது." லியோனா அதை உடை அறையில் உரக்க வாசித்தாள். வாசித்து முடித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கொக்கியப் போடு வின்னி" என்றாள்.

நாடகத்தைப் படமாக எடுத்தபோது மனைவி வேஷம் வேறொருத்திக்குப் போயிற்று. ஹார்லன் அதே வேஷத்தில் நடித்தான். லியோனாவும் கலிபோர்னியாவுக்குப் போனாள், சின்ன வேஷங்களுக்காக. பத்து வருடத்தில் முப்பது படம் இருக்கும். ஆஸ்பத்திரி நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, பிணத்தை அடையாளம் காட்டுகிறவள். நடுவில் ஒரு கேமரா உதவியாளனைக் கட்டிக்கொண்டு நான்கு வருடம் வாழ்ந்து, சண்டை இல்லாமல் பிரிந்தாள். ஒரு பக்கம் கேட்காததால் எதிரில் பேசுகிறவரின் உதட்டையே பார்ப்பாள். திரையில் அது வேறு மாதிரி தெரிந்தது. அடுத்தவர் பேசுவதை இவளைப்போல உள்வாங்குகிற நடிகை இல்லை என்று ஒரு விமர்சகர் எழுதினார். அதை வெட்டி எனக்கு அனுப்பி, ஓரத்தில் எழுதியிருந்தாள்: "காது கேக்காததாலதான் இப்படிப் பாக்குறேன்னு இவருக்கு யார் சொல்றது? இதுக்கும் பேரு அவனுக்குத்தான் போகும்."

அவளிடமிருந்து எனக்கு வருடத்துக்கு இரண்டு கடிதமாவது வரும். ஏன் எழுதுகிறாள் என்று எனக்குப் புரிந்ததில்லை. மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

1961-இல் நியூயார்க் திரும்பினாள். மத்தியான நேரத்தில் ஓடும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அகஸ்டா ரென்னிக் என்கிற காகித ஆலை முதலாளியம்மாள் வேஷம். கணவனை இழந்தவள், இரும்பு மனுஷி. ஊரே அவளுக்குப் பயப்படும். ஒரே வருடத்தில் தேசத்துப் பெண்களெல்லாம் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அகஸ்டாவைப் பார்த்தார்கள். கடையில் அவளைக் கண்டால் ஜனங்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். அப்போது எனக்கு போன் வந்தது.

"உடை அறைக்கு ஆள் வேணும். வர்றியா?"

"வர்றேன். ரொம்ப நன்றி லியோனா."

"நன்றியெல்லாம் அப்புறம் சொல்லு" என்றாள்.

தொடரின் கதை எழுதுகிறவள் தெல்மா கேடிஸ். குண்டுப் பெண், வாயில் எப்போதும் பென்சில், எதற்கும் ஒரு கேலி. அவளும் லியோனாவும் ஸ்டூடியோ மூலையில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டே யாரைக் கொல்லலாம், யாருக்குக் கல்யாணம் பண்ணலாம் என்று பேசுவார்கள். லியோனா கேட்டதை தெல்மா மறுத்து நான் பார்த்ததில்லை.

1967 வசந்தத்தில் கதைக்கு ஒரு பெரிய மனிதர் தேவைப்பட்டார். அகஸ்டாவின் மச்சினன், ஓய்வுபெற்ற நீதிபதி. யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது லியோனா சொன்னாள். "ஹார்லன் வைக் சும்மாதானே இருக்கான்? கூப்பிடுங்க."

என் கையிலிருந்த ஊசிப்பெட்டி சாய்ந்துவிட்டது. ஹார்லனின் நிலைமை எங்கள் எல்லோருக்கும் தெரியும். குடியால் இரண்டு நாடகம் பாதியில் நின்றுவிட்டது. யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அந்தக் குரல் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது.

வந்தான். ஐம்பத்தேழு வயது, நரைத்த தலை, நல்ல கோட். லியோனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னை யாருமே நெனைக்கல கண்ணு. நீ நெனைச்சே" என்றான். கண் கலங்கியிருந்தது. அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருட ஒப்பந்தம். பதிமூன்று வாரத்துக்கு ஒரு முறை கம்பெனி வேண்டுமானால் நிறுத்தலாம். நடிகர் தானாக விலக முடியாது. முதல் இரண்டு வாரம் அவனுக்குப் பக்கம் பக்கமாக வசனம். நீதிபதி சாட்சிக் கூண்டைப் பற்றிப் பேசினார், மனச்சாட்சியைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிக்கூடப் பேசினார். விளக்கு பிடிக்கிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். ஹார்லன் தோளை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தான்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை நீதிபதி மாடிப்படியில் சரிந்து விழுந்தார். திங்கட்கிழமை வந்த வசனக் காகிதத்தில் இப்படி இருந்தது: நீதிபதி படுக்கையில். பக்கவாதம். கண் திறந்திருக்கிறது. பேச்சு இல்லை.

ஹார்லன் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். "எத்தனை நாளைக்கும்மா இந்த வாதம்?"

"கதை போற போக்கப் பாக்கணும் சார்" என்றாள் தெல்மா. "டாக்டருக்கே தெரியலையாம்."

ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதம் போயிற்று. அவன் தினமும் காலையில் வந்து, மேக்கப் போட்டு, பைஜாமா மாட்டிப் படுத்துக்கொள்வான். அகஸ்டா பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு பேசுவாள். தெல்மா எழுதிய வரிகள்தான், ஆனால் அவை யாருடைய வரிகள் என்று எனக்குத் தெரியும். "உங்க குரல் எவ்வளவு கம்பீரமா இருக்கும் தெரியுமா? ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்களேன். முடியலையா? பரவாயில்ல. எனக்கு நேரம் இருக்கு."

சூப் ஊட்டுகிற காட்சியும் உண்டு. ஹார்லனுக்கு பீட்ரூட் என்றால் குமட்டும். அது அந்தப் பழைய நாடகத்தில் வேலை செய்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. லியோனா தன் அம்மா வைக்கிற மாதிரி பீட்ரூட்டைப் புளிக்க வைத்து சூப் காய்ச்சி, ஜாடியில் எடுத்துவருவாள். ஆறிப்போன சூப்பை ஒவ்வொரு கரண்டியாக ஊட்டுவாள். கேமரா ஓடும்போது துப்ப முடியாது. நீதிபதியால் தலையை ஆட்டவும் முடியாது.

அப்போதுதான் அது நடந்தது. தலையணையைச் சரிசெய்ய அவள் வலது கையை உயர்த்தினாள். ஹார்லன் கண்ணை இறுக மூடி முகத்தை ஒடுக்கிக்கொண்டான். காகிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இயக்குநர் துள்ளிக் குதித்தார். அதற்கப்புறம் அவள் தினமும் ஏதாவது சாக்கில் கையை உயர்த்தினாள், தினமும் அவன் ஒடுங்கினான். அடி வரப்போகிறது என்று நிச்சயமாக நம்பினான். அவள் தொடக்கூட இல்லை.

ஆனால் கடிதங்கள் வந்தன, மூட்டை மூட்டையாக. கான்சாஸிலிருந்து, ஒஹாயோவிலிருந்து. "அந்த நீதிபதியின் கண்ணைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கிறது. எவ்வளவு பெரிய நடிகர்!" ஹார்லன் அவற்றை எடுத்துக்கொண்டு உடை அறைக்கே வந்தான்.

"பாத்தியா லியோனா? ஒரு வார்த்தை பேசாமலே ஜெயிக்கிறேன்."

அவள் கடிதங்களைப் பொறுமையாகப் படித்தாள், எல்லாவற்றையும். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் தெல்மாவிடம் போனாள். அடுத்த வாரக் கதையில், நீதிபதிக்கு வெளிச்சம் நல்லது என்று டாக்டர் சொன்னார். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஹார்லன் வைக் கேமராவுக்கு ஒரு பின்மண்டையும் ஒரு போர்வையும்தான். கடிதங்கள் குறைந்தன. பிறகு நின்றன.

ஒரு வியாழக்கிழமை காலை மேக்கப் அறையில் அவன் வெடித்தான். நானும் தெல்மாவும் மேக்கப் போடுகிற இரண்டு பேரும் இருந்தோம்.

"என்னதான் வேணும் உனக்கு? அடிக்கணும்னா அடிச்சிடு. ஒரே தடவ. முடிச்சுக்கோ."

"நான் எதுக்கு அடிக்கணும்? அடிச்சா காது போயிடும்" என்றாள் லியோனா.

"காதா? எந்தக் காது?"

முதலில் அவன் நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். இல்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. டாக்டர், பஞ்சு, சங்கம், ஒன்றும் ஞாபகம் இல்லை. இருபது வருடமாக அவள் சுமந்ததில் ஒரு துரும்புகூட அவனிடம் இல்லை. லியோனாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"வின்னி. எந்தக் காதுன்னு சொல்லு."

"இடது" என்றேன்.

"எப்படிப் போச்சு?"

"இவரு அடிச்சாரு. எல்லாக் காட்சியிலயும் அடிச்சாரு. டாக்டர் கூடாதுன்னு சொன்ன அன்னிக்கும் அடிச்சாரு."

"அன்னிக்கு நீ எங்க பாத்துக்கிட்டிருந்தே?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். துணிப்பெட்டிய இல்ல. பொய் சொல்லிட்டேன்."

எனக்கு வேலை கொடுத்து, ஆறு வருடம் என்னைத் தன் பக்கத்திலேயே வைத்திருந்ததன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

ஹார்லன் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்: "நான் மன்னிப்புக் கேட்டா எனக்கு வசனம் திரும்பக் கிடைக்குமா?"

தெல்மா வாயிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டாள். லியோனா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

"கேளு, பாப்போம்."

எழுந்து நின்றான். மார்பில் கை வைத்துக்கொண்டான். அந்தக் குரலைக் கீழேயிருந்து மெல்ல எடுத்து, தான் செய்த பாவத்தையும், இளமையின் கர்வத்தையும், ஒரு பெண்ணின் மௌனத்தையும் பற்றிப் பேசினான். மேக்கப்காரி ஒருத்தி அழுதேவிட்டாள். லியோனா அவன் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடைசி வரை பார்த்தாள்.

"நல்லா நடிச்சே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அகஸ்டாவின் வீட்டில் போன் அடித்தது. எடுத்தாள், கேட்டாள், "அப்படியா, எப்போ?" என்றாள். போனை வைத்துவிட்டு வேலைக்காரியிடம், "நீதிபதி போயிட்டாராம். மத்தியானத்துக்கு மீன் போதும்" என்றாள். இறக்கிற காட்சிகூட ஹார்லனுக்குக் கிடைக்கவில்லை. அன்று அவனை வரச் சொல்லவே இல்லை. தன் வீட்டில் மற்ற ஜனங்களோடு சேர்ந்து தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டிருப்பான். ஒப்பந்தத்தை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அவன் ரேடியோவில் இருமல் மருந்துக்குக் குரல் கொடுத்தான் என்று கேள்வி. 1970-இல், நியூ ஜெர்சியில் வயதான நடிகர்களுக்கான விடுதி ஒன்றில் இறந்தான். இரங்கல் கூட்டத்துக்கு லியோனா போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. பேசினவர்கள் எல்லோரும் அவன் குரலையே புகழ்ந்தார்கள். அவள் செவிட்டுக் காதை மேடைப் பக்கம் வைத்து, கடைசி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் காபி வாங்கினோம். நான் கேட்டேன், "இப்பவாவது மனசு ஆறிச்சா?"

"அவன் அடிச்ச விஷயத்துல ஆறிடுச்சு" என்றாள். "அவனுக்கு ஞாபகமே இல்லாமப் போச்சே, அதுதான் ஆறல. செஞ்சது ஞாபகம் இல்லாதவன எங்க அடிச்சாலும் வலிக்காது."

"என் விஷயத்துல?"

"உனக்கு ஞாபகம் இருக்குல்ல? அது போதும்" என்றாள். காபிக்குச் சர்க்கரை கேட்டாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மேலும் ஆறு வருடம் அகஸ்டாவாக நடித்தாள். தொடர் நின்றதும் மில்வாக்கிக்கே போய், அண்ணன் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் தங்கினாள். ஊர் நாடகக் குழுவில் இரண்டு வேஷம் போட்டாள். ஒத்திகையில் யாராவது யாரையாவது தொட்டால்கூட நாற்காலியிலிருந்து கத்துவாள் என்று அவர்கள் சொன்னார்கள். அவளைப் பிடிக்காதவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஐம்பத்தெட்டாவது வயதில், பனி கொட்டுகிற ஒரு பிப்ரவரியில், மாரடைப்பில் போனாள்.

சவ அடக்கத்துக்கு ரயிலில் போனேன். அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தையப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க. கடைசில எல்லாரையும் மன்னிச்சுட்டாங்கன்னு சொன்னீங்கன்னா நல்லாருக்கும்" என்றாள்.

"மன்னிக்கலையேம்மா" என்றேன். "அப்படிச் சொன்னா பெட்டிய விட்டு எழுந்து வந்து என்னத் திட்டுவா."

அந்தப் பெண் முகம் சிவந்து விலகிப் போனாள். என்னைப் பேசக் கூப்பிடவில்லை. பாதிரியார்தான் பேசினார். சாந்தமானவள், பொறுமைசாலி, அன்பானவள் என்றார். எனக்குப் பக்கத்தில் தெல்மா உட்கார்ந்திருந்தாள், வயதாகி இன்னும் குண்டாகியிருந்தாள். "யாரப் பத்திப் பேசுறாரு?" என்று சத்தமாகவே கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், முன் வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.